முதல் வருஷத்து மொட்டு

அவள் மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

கட்டைவிரல் நகத்தால், ஒவ்வொரு தண்டின் நுனியிலும். ஆறு ஃப்ளாக்ஸ் செடிகள்; குளிரில் பட்டுப்போய், வருஷாவருஷம் வேரிலிருந்து துளிர்த்துக் கொத்தாகப் பூக்கிற வகை. குளிர் முடிந்ததும் நர்சரியிலிருந்து வேர்விட்ட நாற்றுகளாக வாங்கிவந்து, சமையலறை ஜன்னலுக்குக் கீழே நட்டிருந்தாள்.

"பூக்க வர்றதை ஏன் கிள்ளுற?" என்று கேட்டேன்.

"முதல் வருஷம் வேருக்கு. பூவை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

என்ன நிறம் என்று அவளுக்கே தெரியாது. நர்சரிக்காரி பெயர்ச்சீட்டுகளை மழையில் நனையவிட்டிருந்தாள். எது வந்தாலும் வரட்டும் என்று வாங்கிவந்துவிட்டாள் இவள்.

கையைக் கழுவினாள். டீ குடித்தாள். தலை வலிக்கிறது என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அவளுடைய அண்ணன் வரவில்லை. மலர்வளையம் வந்தது. அதில் தங்கையின் பெயரைவிட அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

வீட்டில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். அறையில் இரண்டு பேர் இருந்தாலும் கூட்டத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார். எங்கள் கல்யாணம் பிடிக்காமல் போனதிலிருந்து அந்த மைக் எங்கள் பக்கம் மட்டும் அணைந்திருந்தது.

அடுத்த குளிர் போனதும் செடிகள் மறுபடி துளிர்த்து ஒரு சாண் உயர்ந்தன. அப்போதுதான் வந்தார். மனைவி காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி, துக்கம் விசாரித்துவிட்டு, ஏற்றிக்கொண்டாள்.

"மாப்ளே, இதெல்லாம் தங்கச்சி வெச்சதுதானே? இங்க யாரு பார்க்கப் போறா? என் வீட்டு வாசல்ல வெச்சா நாலு பேரு பார்ப்பாங்க. அவ பேரு போட்டு ஒரு கல்லும் வெச்சிடுறேன்."

அந்த நாலு பேருக்காகத்தான் அவர் மூச்சே விடுகிறார். அவர்களை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் கை கடைசியாகத் தொட்டவை அந்தச் செடிகள். அவை போனால் அந்த ஜன்னலில் எனக்குப் பார்க்க ஒன்றுமில்லை. அதற்குள் "என் ரத்தம் மாப்ளே" என்று ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷம் உறைந்து கிடந்த ரத்தம், என் வாசலில் வந்துதான் உருகியது.

"தோண்ட ஏதாவது குடுங்க."

நீளக் காம்பு மண்வெட்டி கதவுக்குப் பின்னால் இருந்தது. நான் பூந்தொட்டிக்கு மண் அள்ளும் கைக்கரண்டியை எடுத்துக் கொடுத்தேன்.

குனிந்தால் வயிறு இடித்தது. உட்கார்ந்தால் பேன்ட் மடிப்பு கலைந்துவிடும். ஆகவே இரண்டும் இல்லாத ஒரு கோணத்தில் நின்று, ஒரு கையில் போனும் மறு கையில் கரண்டியுமாகச் சுரண்டினார். போனில் யாருக்கோ, "என் கையாலயே எடுக்கிறேன்" என்று விவரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு கரண்டியை எறிந்துவிட்டு, செடிகளைச் சிண்டைப் பிடிப்பதுபோல் பிடித்து இழுத்தார்.

வேர் பட்பட்டென்று அறுவது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

சில வாரங்களில் போன் வந்தது.

"மாப்ளே, நல்ல சேதி. இலையெல்லாம் வெள்ளையாயிட்டு வருது. அப்போ பூவும் வெள்ளைதான். தங்கச்சிக்கு வெள்ளைன்னா உயிராச்சே!"

அவளுக்கு வெள்ளை ஆகாது. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு என்பாள்.

இலையில் வெள்ளை மாவு படிந்தால் அதற்குச் சாம்பல் நோய் என்று பெயர். காற்றுப் போக இடமில்லாமல் ஆறையும் நெருக்கி நட்டு, தினமும் குழாயைப் பிடித்துத் தலையோடு குளிப்பாட்டியிருப்பார். நோயைப் பார்த்துப் பூவின் நிறம் சொன்ன மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"ரொம்ப சந்தோஷம் மச்சான்," என்றேன்.

கோடை முடிகிற சமயம் மறுபடி கூப்பிட்டார். செடிகள் செத்துவிட்டன. தப்பு செடிகளுடையது.

"வேர்லயே பலம் இல்ல மாப்ளே. உங்க வீட்டு மண்ணு அப்படி. வாசல்ல கல்லு மட்டும் நிக்குது, வர்றவங்க எல்லாம் என்னன்னு கேக்குறாங்க."

நாலு பேர் கடைசியில் வந்தேவிட்டார்கள் போலிருக்கிறது.

போனைக் காதில் வைத்தபடி சமையலறை ஜன்னல் வழியாக எங்கள் வீட்டு மண்ணைப் பார்த்தேன்.

அவர் பிடுங்கிய ஒவ்வொரு குழியிலும் மூன்று நான்கு தண்டுகள். முழங்கால் உயரம்.

நட்ட அன்றே அவள் சொல்லியிருந்தாள். "இடத்தை யோசிச்சுச் சொல்லுங்க. வேர் பிடிச்சிட்டா அப்புறம் கிளப்ப முடியாது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மண்ணுல மிஞ்சினாலும் திரும்ப வரும்."

நான் யோசிக்கவில்லை. "நீ சமைக்கும்போது கண்ணுல படுற இடமா வை," என்றேன்.

இப்போது சமைப்பது நான்.

மச்சான் இன்னும் மண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போனை அணைக்காமல் மேடைமீது, காய்ந்த பாத்திரங்களுக்கு நடுவே வைத்தேன். பாத்திரங்கள் கேட்கட்டும். வெளியே போனேன்.

தண்டு நுனிகளில் மொட்டு கட்டியிருந்தது. பச்சையாக, இறுக மூடி. இன்னும் ஒரு வாரம் விட்டால் விரிந்துவிடும்.

துண்டு வேரிலிருந்து வந்தவை. இவற்றுக்கும் இது முதல் வருஷம்தான்.

மண்ணில் மண்டியிட்டு, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளினேன்.

என்ன நிறம் என்று இன்னும் தெரியாது.