வெறும் தட்டின் கோணம்

நடுவில் வட்ட மேசை. அதைச் சுற்றிப் பதினொரு தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள் போக்னா, கணினித் திரையில்.

வலைப்பக்கம் செய்வது அவள் தொழில். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று எல்லோருடைய போனுக்கும் அனுப்ப வேண்டுமாம். அக்கா யாத்விகாவின் ஆசை.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கோணம். கொசைன் பக்கவாட்டில் நகர்த்தும், சைன் மேலும் கீழும் நகர்த்தும். ஆள் கூடினாலும் குறைந்தாலும் வட்டம் தானே சரியாகிக்கொள்ளும்.

அக்கா அனுப்பியது பத்துப் பெயர். பதினோராவது வெறும் தட்டு. சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டுகிறவருக்காக, அவர்கள் ஊர் வழக்கப்படி வருஷா வருஷம் வைப்பது.

போக்னாவின் பெயர் இல்லை.

விட்டோல்ட் இருந்தவரை புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள், கணக்கு இரட்டைப்படையில் நின்றது. வசந்தத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். இப்போது இவள் போனால் வெறும் தட்டு நீங்கலாகப் பதினொரு பேர், ஒற்றைப்படை. அப்படி உட்கார்ந்தால் அடுத்த விருந்துக்குள் அதில் ஒருவர் குறைந்துவிடுவார் என்று அந்த வீட்டில் பயம்.

"அம்மாவுக்கு வயசாச்சு, நீயே யோசிச்சுப் பாருடி" என்று அக்கா போன வாரமே சொல்லிவிட்டாள். யோசிக்க என்ன இருக்கிறது? அன்றைக்குத் தனியே சாப்பிட, குளிர்பெட்டியில் இவளுக்கென்று ஒரே ஒரு மீன் துண்டு வாங்கி வைத்தாகிவிட்டது.

சும்மா ஓர் ஆசைக்குத் தன் பெயரையும் சேர்த்துப் பார்த்தாள். தட்டுகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அழித்தாள். வட்டம் மூடிக்கொண்டது. அவள் இருந்த சுவடே இல்லை.

அதுதான் தாங்கவில்லை. தானே எழுதிய கணக்கைப் பார்த்துத் தானே அழுதாள்.

போன் அடித்தது. அக்காதான். பின்னால் பாத்திரச் சத்தம்.

"அடியே, அந்த வெறும் தட்டைத் தன் பக்கத்துலதான் போடணும்னு அம்மா ஒரே பிடிவாதம்." எதையோ கிளறிக்கொண்டே சொன்னாள். "ஒத்தைப்படை ஆனா ஆகட்டும், போய்ச் சேர நான் இருக்கேனேன்னு வேற சொல்றா. நான் என்னடி பண்ணட்டும்?"

போனை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள் போக்னா.

வெறும் தட்டை அம்மாவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அதன்மேல் தன் பெயரை எழுதினாள்.

இந்தத் தடவை ஒரு தட்டும் நகரவில்லை.