கொக்குக்கு விழுந்த ஓட்டு

ஓர் ஏரியில் காவல் தலைவருக்குத் தேர்தல் நடந்தது. மீன்கள் ஆளுக்கொரு செதிலைக் கழற்றிக் குழியில் போடுவதுதான் அங்கே ஓட்டு. கொக்கின் குழி நிரம்பி வழிந்தது. ஜெயித்த கையோடு கொக்கு, "நாளை முதல் குஞ்சுகளெல்லாம் கரையோரம்தான் நீந்த வேண்டும்" என்று உத்தரவு போட்டது.

"கள்ள ஓட்டு! ஏரி மானமே போச்சு!" என்று நீதிபதி ஆமையிடம் தவளை கத்தியது.

"அந்த வருத்தம் எல்லாருக்கும்தான் இருக்கு. இதனால உனக்குன்னு தனியா என்னப்பா கெட்டுப்போச்சு?" என்று கேட்டது ஆமை.

 தவளையின் வழக்கு தள்ளுபடி.

 தாய் விரால் மீன் ஒன்று குஞ்சுகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னே வந்தது. "ஐயா, நாளைக்கு இதுங்களை நான் கரைக்கு அனுப்பணும்."

"இன்னும் ஒண்ணைக்கூடத் தொடலையே, அம்மணி!" என்று கொக்கு சிரித்தது.

"தொட்ட பிறகு நான் யாருக்காக ஐயா நியாயம் கேட்கிறது?"

ஆமை கழுத்தை முழுசாக வெளியே நீட்டியது. "இது வழக்கு! கொக்குக்கு ஓட்டுப் போட்ட மீனெல்லாம் முன்னால வாங்க."

ஒரு மீனும் வரவில்லை. எல்லாருடைய கண்ணும் மெல்லக் கொக்கின் வயிற்றுக்குப் போனது.

"தின்ன மீனோட செதிலெல்லாம் ஓட்டாகாது! தேர்தல் செல்லாது! உத்தரவும் செல்லாது!" என்றது ஆமை.

கொக்கு பறந்தே போய்விட்டது. நடு ஏரியில் தாய்க்கு முன்னால் குஞ்சுகள் துள்ளிக்கொண்டு போன அழகைப் பார்க்க ஏரியே கூடிவிட்டது.