தலைகீழாகத் தொங்கிய பாவாடை

"அதை முதல்ல மறை! அம்மா லிஃப்ட்ல ஏறிட்டாங்க."

நிகிலின் பதற்றத்தைப் பார்த்தால், மாளவிகாவின் வீட்டில் ஏதோ பிணம் கிடக்கிறது என்றே தோன்றும். கிடக்கவில்லை, தொங்கியது. வெள்ளை வலைத்துணியை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த குட்டைப் பாவாடை ஒன்று, குளியலறைக் கம்பியில் தலைகீழாக. பாலே ஆடுகிறவர்கள் அணியும் டூட்டூ.

"ஞாயித்துக்கிழமை இதைப் போட்டுக்கிட்டு மேடையேறப் போறேன்னு உங்க வீட்டுல சொல்லிட்டா என்ன?"

"அன்னிக்குத்தான் நிச்சயதார்த்தம்னு அப்பா நாள் பார்த்து வச்சிருக்கார். முட்டி தெரிய ஆடுறதெல்லாம் நம்ம குடும்பத்துக்கு ஆகாதுன்னு டிவியைப் பார்த்தே திட்டுறவர் அவர். அம்மா பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டுவாங்க. இந்த ஒரு தடவை ஷோவை விட்டுடேன், ப்ளீஸ்!"

மாளவிகா மைனஸ் இருபது குளிரிலும் மெட்ரோ பிடித்துப் போய்க் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. அதே மெட்ரோவில் கிடைத்தவன்தான் நிகிலும். இரண்டில் எதை விடுவது?

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில், தட்டு மாதிரி விரிந்து நிற்கும் பாவாடையை ஒளிக்க இடம் ஏது? அவசரத்துக்கு அதை நிமிர்த்தி, சாதாரண கவுன் போல ஹேங்கரில் போட்டு, அலமாரிக் கதவில் மாட்டினாள். அழைப்பு மணி அடித்தது.

நிகிலின் அம்மா அனுசூயா சிரித்தபடி உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். கால் கட்டைவிரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"ஐயோ, கால்ல என்ன ஆன்ட்டி?"

"வியாழக்கிழமை ஆனா பஜனைக்குப் போறேன்ல? நல்ல பாட்டா வந்துட்டா என்னால சும்மா உட்கார முடியாதும்மா."

"பையைக் குடும்மா" என்று நிகில் கை நீட்டினான்.

"வேண்டாம்டா, ஜால்ரா இருக்கு. கீழே போட்டுடுவே." துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டே சோபாவில் அமர்ந்தார்.

"அப்பா எங்கே?"

"பார்க்கிங் தேடித் தெருவைப் பிரதட்சணம் பண்ணிட்டிருக்கார். ஊருக்கு வெளியே இல்-பிசார்ல வீட்டு வாசல்லயே நிறுத்திப் பழகின மனுஷன்." சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை அலமாரிக் கதவில் போய் நின்றது. "அது என்னது?"

"மியூசியத்தோடது ஆன்ட்டி!"

மியூசியத்தில் பழைய உடைகளைச் சீர்செய்வதுதான் மாளவிகாவின் வேலை. அந்த மட்டில் பொய் இல்லை. "உலகப் போர் முடிஞ்ச காலத்து ஃபேஷனைப் பத்திக் கண்காட்சி வைக்கறோம். போர் சமயத்துல துணிக்கே ரேஷன். முடிஞ்சதும் ஆசை தீர கெஜக்கணக்குல துணியை வாரிப் போட்டுப் பாவாடை தெச்சுக்கிட்டாங்க. பாலே மேடையைப் பார்த்துட்டு, உள்ளே அடுக்கடுக்கா வலைத்துணியும் வச்சாங்க."

"லெஹங்காவுக்கு உள்ள இப்ப கேன்கேன்னு விறைப்பா ஒரு வலை வைக்கறாங்களே, அந்த மாதிரியா?"

"அதேதான் ஆன்ட்டி!" என்றாள் மாளவிகா. நிகில் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"அப்போ இதைப் போட்டுக்கிட்டு வெளியில போனாங்களாக்கும்? இடுப்புல தாம்பாளம் கட்டின மாதிரி இருக்கே! பஸ்ல எப்படி உட்கார்ந்திருப்பாங்க?"

"நின்னுக்கிட்டே போயிருப்பாங்கம்மா" என்றான் நிகில்.

"நீ சும்மாரு. ஏம்மா, மியூசியத்துச் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில மாட்டிக்கோன்னு விடுறாங்களா? கையில உறை மாட்டிக்காம தொடக் கூடாதும்பாங்களே?"

மாளவிகா தன் வெறும் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

அனுசூயா பேச்சை மாற்றினார். "சரி, ஞாயித்துக்கிழமை ஏதோ வேலை இருக்குன்னியாமே. நிச்சயத்தைவிடப் பெரிய வேலையான்னு அவர் கேட்கறார். அதை நேர்ல கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

நிகில் கண்ணாலேயே கெஞ்சினான். மாளவிகா அவனைப் பார்க்காமல் அனுசூயாவைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது மியூசியத்தோடது இல்ல. என்னோடது. நான் பாலே கத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை இதைப் போட்டுக்கிட்டு மேடையில ஆடப்போறேன். பொய் சொன்னது தப்பு. ஆனா ஷோவை விட எனக்கு மனசு வரல. நிச்சயத்தை வேற நாளைக்கு மாத்தினீங்கன்னா…"

நிகில் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அனுசூயா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். வாசலுக்குத்தான் போகிறார் என்று மாளவிகா நினைத்தாள். அவரோ நேராக அலமாரிக் கதவுக்குப் போய் டூட்டூவைக் கழற்றினார். தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை ஹேங்கரில் பதமாகக் கோத்து, மறுபடி மாட்டினார். வலை அடுக்குகளை விரல் நுனியால் நீவிவிட்டார்.

"நேரா மாட்டினா அடுக்கெல்லாம் தொய்ஞ்சு போயிடும். இதுகூடத் தெரியாம என்ன பொண்ணு நீ?"

மாளவிகா அவர் கால் கட்டைவிரல் பிளாஸ்டரை மறுபடி பார்த்தாள்.

அதற்குள் செல்போன் ஒலித்தது. பையைத் திறந்து போனை எடுத்தார் அனுசூயா. கூடவே ஒரு இளஞ்சிவப்பு சாட்டின் நாடாவும் நழுவி வெளியே தொங்கியது. நாடாவின் நுனியில் பாலே ஷூ ஒன்று எட்டிப் பார்த்தது.

"பார்க்கிங் இன்னும் கிடைக்கல" என்று ஸ்பீக்கரில் எரிந்து விழுந்தார் நிகிலின் அப்பா கோவிந்தராஜன். "என்ன சொல்றா அந்தப் பொண்ணு? ஞாயித்துக்கிழமையே நிச்சயத்தை வச்சுக்கலாமா, இல்லையா?"

நாடாவைப் பைக்குள் திணித்துக்கொண்டே, மருமகளைப் பார்த்துக் கண்ணடித்தார் அனுசூயா.

"ஞாயித்துக்கிழமை வேண்டாங்க. அன்னிக்கு எங்க பஜனை கோஷ்டியே மேடையேறுது!"