சிரிக்கிறவனுக்கு வலிக்காது

அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கட்டிலின் இரும்புச் சட்டத்தை இரு கைகளாலும் பிடித்தபடி, முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, உடம்பு குலுங்கக் குலுங்க.

அவசர வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டிலில் கால் கட்டோடு கிடந்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"தம்பி குடுத்து வெச்சவரு. ஆஸ்பத்திரில வந்து யாரு இப்படிச் சிரிக்கறாங்க?"

டாக்டரும் புன்னகைத்தார். என் அண்ணனின் வயிற்றில் கை வைத்து, உடனே எடுத்துவிட்டார்.

"நேத்துலருந்து வாந்திங்க" என்றாள் அம்மா. "ஒரு வாய் சோறு எறங்கல."

"ஆட்டிசம்னு சொன்னீங்கல்ல? இவங்க இப்படித்தாம்மா. திடீர்னு சாப்பிட மாட்டாங்க. திடீர்னு சிரிப்பாங்க. தூங்கறதுக்கு ஒரு ஊசி போட்டுடறேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அம்மா தலையாட்டினாள். அண்ணன் பிறந்ததிலிருந்து எல்லா டாக்டர்களுக்கும் அவள் இப்படித்தான் தலையாட்டுகிறாள்.

குனிந்து கட்டிலுக்கடியில் அவன் செருப்பைத் தேடினாள்.

அது என் கையில் இருந்தது.

"தாரணி, குடு."

நான் கொடுக்கவில்லை.

வகுப்பில் பாடம் ஒப்பிக்க எழுந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன வருடம் கதவிடுக்கில் விரல் மாட்டி அவனுக்கு நகம் பெயர்ந்தது. அன்றைக்கும் இதே சிரிப்பு. சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தாள், தரையில் ரத்தத்தைப் பார்க்கும்வரை.

சந்தோஷம் என்றால் அவன் சிரிக்க மாட்டான். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

நர்ஸ் ஊசியோடு வந்தார். கட்டிலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ஊசி வேண்டாங்க்கா."

"தள்ளு பாப்பா."

"தூங்கிட்டா அவனுக்கு வலிக்கறது யாருக்குமே தெரியாது."

டாக்டர் திரும்பினார்.

"வயிறு வலிச்சா யாராச்சும் சிரிப்பாங்களாம்மா?"

"இவன் சிரிப்பான்."

அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"தொட்டதும் கைய எடுத்துட்டீங்க. ராத்திரியெல்லாம் வலது பக்கம், கீழதான் கைய வெச்சுட்டிருந்தான். அங்க நல்லா அமுக்கிப் பாருங்க. எவ்ளோ சத்தமாச் சிரிக்கறான்னு பாருங்க. அதுக்கப்புறமும் போகச் சொன்னா போறோம்."

என் வாயை அடைக்கத்தான் டாக்டர் வந்தார். முகத்திலேயே தெரிந்தது.

வலது பக்கம். கீழே. அழுத்தினார்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் கட்டில் சுவரில் மோதியது.

பக்கத்துக் கட்டில்காரர் இந்த முறை சிரிக்கவில்லை.

டாக்டர் இன்னொரு முறை அழுத்தினார், மெதுவாக. பிறகு கையை எடுக்காமலே நர்ஸைப் பார்த்தார்.

"ஊசி வேண்டாம். ஸ்கேனுக்கு அனுப்புங்க. சர்ஜனைக் கூப்பிடுங்க, உடனே. குடல்வால் உள்ள வெடிச்சுட்டா வலி சட்டுனு நின்னுடும், அதுக்கு முன்னாடி."

என்னை அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். நீளமான நடைபாதை. சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. அதையும் மீறி அவன் சிரிப்பு எதிரொலித்தது. எதிரே வந்தவர்கள் அவனைப் பார்த்துப் புன்னகைத்தபடி ஒதுங்கினார்கள்.

பாதி வழியில் சத்தம் நின்றது.

வண்டிக் கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் தளர்ந்தன.

"அப்பாடா" என்றாள் அம்மா. அவன் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள். "இப்பத்தான் எஞ்சாமிக்குக் கொஞ்சம் தேவல."

நான் வண்டி தள்ளுகிறவரின் கைக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்தேன்.

"சிரிப்பு நின்னுடுச்சுண்ணா. ஓடுங்க."