மூழ்காத நீர்மூழ்கி

ஆழியில் மீனாகி மறைகாத்த மாயவன் திருவடி நமக்குத் துணையாகுக.

ஒரு குளத்தில் நண்டு ஒன்று தேங்காய்ச் சிரட்டைகள் இரண்டை மெழுகால் ஒட்டி, நீர்மூழ்கிக் கலம் ஒன்று செய்தது. அதன் முனையில் கருவேல முள்ளையும் பொருத்தியது. கெண்டைக் குஞ்சுகளைத் தின்னும் கொக்கின் காலை நீருக்கடியிலிருந்து குத்துவதே அதன் நோக்கம்.

தாய்க் கெண்டை சலித்துக்கொண்டது. "நண்டாரே, நீர் பிறந்ததே தண்ணீருக்குள்தானே. கையில் இரண்டு கொடுக்கு வேறு இருக்கிறது. அதோ கொக்கு வந்துவிட்டது, போய்க் கடியுமேன்."

"கொடுக்கால் கடிப்பதெல்லாம் பழைய முறை, அம்மணி" என்ற நண்டு, கலத்துக்குள் புகுந்து வாசலை மெழுகால் அடைத்துக்கொண்டது.

காற்று நிறைந்த கலம் மூழ்காமல் மிதந்தது. நிற்க இடம் தேடிய கொக்கு அதன்மேல் ஏறி நின்றது. அந்தப் பாரத்தில் கலம் விரற்கடை அளவு தாழ்ந்தது.

"இறங்குகிறேன், இறங்குகிறேன்" என்று உள்ளிருந்து மகிழ்ந்தது நண்டு. "கொக்கு எங்கே நிற்கிறது, சொல்லும்."

"உம் தலைக்குமேல்" என்று சொல்லிவிட்டு, கெண்டை தன் குஞ்சுகளைத் தாமரைத் தண்டுகளுக்கிடையே ஓட்டிச் சென்றது.

"அவ்வளவு ஆழத்துக்கா வந்துவிட்டேன்" என்றது நண்டு.

இதைக் கேட்டோர் இல்லத்துப் பிள்ளைகள் யாவரும் அம்மாயவன் அருளால் நலமுற்று வாழ்க.