முகம் திருப்பிய ஃபேன்

மழை விட்டபாடில்லை. அதனால் ஹாலுக்குள்ளேயே கயிறு கட்டி, எதிரே ஸ்டூல் போட்டு டேபிள் ஃபேனை ஓடவிட்டிருந்தார்கள். கயிற்றின் இந்தக் கோடியில் வெள்ளைச் சட்டை, அந்தக் கோடியில் பள்ளிக்கூடத்துப் பாவாடை.

வீட்டுக்காரர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மூன்று மணிக்கு இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். இருந்த நல்ல சட்டை அது ஒன்றுதான்.

"ஏம்ப்பா, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிறே?" என்றது சட்டை. "இப்பதான் காலர் காய ஆரம்பிச்சுது."

"திரும்பத் திரும்ப உன்கிட்டதானே வர்றேன்," என்றது ஃபேன்.

"நான் நீ போறதைச் சொல்றேன்."

"பாவாடையும் அதையேதான் சொல்லுது. நான் வர்றதை ரெண்டு பேருமே பார்க்கிறதில்லை."

சட்டைக்கு மனசு ஆறவில்லை. "ஒரு தடவை என்னைப் பார்த்தே நில்லு. போதும்."

ஃபேன் அந்தப் பக்கம் போயிற்று. வழக்கம்போலத் திரும்பி வந்தது. சட்டைக்கு நேர் எதிரே வந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று.

இறக்கைகள் மெல்ல ஓய்ந்தன. கேட்ட மாதிரியே ஃபேன் சட்டையைப் பார்த்தபடி நின்றது. சட்டையின் கை நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அப்புறம் இன்னொரு சொட்டு.

வெகுநேரம் கழித்து, "கொஞ்சம் திரும்பேன்," என்றது சட்டை.

"எந்தப் பக்கம்?"

"பாவாடை பக்கமே திரும்பு. என்கிட்ட அப்புறமா வந்தாப் போதும்."