சிவப்புப் பென்டிரைவின் பின்னக் கணக்கு

ஆசிரியர்கள் கூடியிருந்த பயிலரங்கில், ஒரே மேசையில் கணக்குப் பாடம் பதிந்த இரண்டு பென்டிரைவ்கள் கிடந்தன.

“என் பாடத்தை இதுவரை ஒருத்தரும் காப்பி எடுத்ததில்லை. எங்கள் சார் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறார்” என்றது வெள்ளி நிறத்தது.

சிவப்பு நிறத்தது பதில் சொல்வதற்குள் யாரோ அதை எடுத்துப் போய்விட்டார்கள். ஒவ்வொரு மடிக்கணினியாகச் சுற்றிவிட்டு மாலையில்தான் அது திரும்பியது.

“உன்னை என்ன செய்தார்கள்?” என்றது வெள்ளி.

“பின்னக் கணக்குக்கு எங்கள் டீச்சர் பீட்சா படம் போட்டிருந்தார். மலையூர் டீச்சர் ஒருவர், ‘எங்க பிள்ளைங்க இதைப் பார்த்ததே இல்லையே’ என்று அதைத் தோசையாக்கிவிட்டார். கண் தெரியாத பிள்ளைகளுக்காக இன்னொருவர் பாடம் முழுவதையும் தன் குரலில் பதிந்து சேர்த்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு விடை தப்பாம். அதையும் திருத்திவிட்டார்கள்.”

“மானமே போயிற்று. அப்புறம் உன்னுடையது என்று என்னதான் மிச்சம்?”

சிவப்பு சொன்னது: “காலையில் இது ஒரு வகுப்புக்கான பாடம். நாளைக்கு எத்தனையோ ஊர்களில் நடத்தப்போகிறார்கள். எல்லாம் என்னிடமிருந்து போனதுதான்.”

வெள்ளி மெல்லச் சொன்னது:

“எங்கள் பாடத்திலும் பீட்சாதான் இருக்கிறது.”